விலை குறைந்த எலெக்ட்ரிக் கிட்டாரில் எதை மாற்றலாம், எதை விடலாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து, பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் எலெக்ட்ரிக் கிட்டார்களில் பெரும்பாலானவை ஒரே வடிவம்தான். மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள் காந்தம்), எந்தப் பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஐந்து நிலை ஸ்விட்ச், வாம்மி பாரோடு (சுருதியை ஏற்றி இறக்கும் கைப்பிடி) ஒரு பிரிட்ஜ் (உடல் பக்கம் ஸ்ட்ரிங்குகளைத் தாங்குவது). ஃபெண்டர் கம்பெனி 1954-இல் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவம் இது. ஃபெண்டரே 1982 முதல் ஸ்குவயர் என்ற பெயரில் இதன் மலிவுப் பதிப்புகளை விற்கிறது, வேறு பல கம்பெனிகளும் இதே அச்சில் செய்கின்றன. இதன் பெரிய வசதி, எல்லாமே ஸ்க்ரூவில் நிற்பது. நான்கு ஸ்க்ரூ கழற்றினால் கழுத்து தனியாக வரும், முன்பக்கத் தகடான பிக்கார்டைத் தூக்கினால் பிக்கப், பாட் (வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் உள்ள பாகம்), ஸ்விட்ச் எல்லாம் அதோடு சேர்ந்து வரும். அதனால் பாகம் மாற்றிப் பழக இதைவிட நல்ல கிட்டார் கிடையாது. கீழே உள்ளவை எல்லாம் இந்த வகையை மனதில் வைத்து எழுதியவை.

முதலில் மாற்ற வேண்டியது பிக்கப்தானே?

இல்லை, ஸ்ட்ரிங். கடையில் எத்தனை மாதம் தொங்கியதோ அத்தனை மாதமும் அந்த ஸ்ட்ரிங் காற்றையும், வாசித்துப் பார்த்தவர்களின் கை வியர்வையையும் வாங்கியிருக்கும். புதிதாக ஒரு 9-42 செட் (மெல்லிய ஸ்ட்ரிங் 0.009 அங்குலம், தடித்தது 0.042) போட்டு, செட்டப் செய்து, சில வாரம் வாசியுங்கள். அதற்கப்புறமும் எது உறுத்துகிறதோ அதை மாற்றலாம். எல்லாருக்கும் பிக்கப்தான் முதலில் தோன்றும், ஏனென்றால் வீடியோவில் ஒப்பிட்டுக் காட்ட அதுதான் வசதி, விளம்பரமும் அதற்குத்தான் அதிகம். ஆனால் சுருதி நிற்காத கிட்டாரில் எவ்வளவு நல்ல பிக்கப் போட்டாலும் சுருதி நிற்கப் போவதில்லை. ஸ்ட்ரிங், செட்டப், நட் (கழுத்தின் மேல்முனையில் ஸ்ட்ரிங்குகள் உட்காரும் பள்ளமுள்ள துண்டு), ஜாக் (கேபிள் செருகும் இடம்) என்ற வரிசையில் போனால் பாதிப் பேருக்கு அதற்கு மேல் எதுவுமே தேவைப்படாது என்பது என் எண்ணம்.

செட்டப் என்றால் என்ன? நானே செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். வரிசை முக்கியம்: முதலில் கழுத்தின் வளைவு, பிறகு ஸ்ட்ரிங் உயரம், பிறகு இன்டொனேஷன் (கழுத்து முழுக்கச் சுருதி சரியாக நிற்பது). வரிசை மாறினால் செய்ததையே திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

வளைவு பார்க்க, கிட்டாரைச் சுருதி சேர்த்துவிட்டு முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிதான் ஃப்ரெட்) கேப்போ என்ற கிளிப்பை மாட்டி ஸ்ட்ரிங்குகளை அழுத்திப் பிடிக்க விடுங்கள். தடித்த ஸ்ட்ரிங்கைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் பாருங்கள். ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் சரி. பைக் மெக்கானிக் டேப்பெட் செட் பண்ண வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் இதற்குக் கச்சிதமான கருவி, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அதில் 0.25 என்று போட்ட தகட்டைச் செருகிப் பாருங்கள், ஸ்ட்ரிங்கை லேசாகத் தொட்டுக்கொண்டு போக வேண்டும், தூக்கக் கூடாது. இடைவெளி அதிகமென்றால், கழுத்துக்குள் ஓடும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராடை வலப்பக்கம் திருப்பி இறுக்க வேண்டும், குறைவென்றால் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திரும்பவும் சுருதி சேர்த்துவிட்டு அளந்து பாருங்கள். அளவு சரியான ஆலன் கீ போட்டும் ராட் அசையவில்லை என்றால் பலத்தைக் காட்டாமல் ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள். உள்ளே ராட் முறிந்தால் கழுத்தே போச்சு.

உயரத்தை 17-ஆவது ஃப்ரெட்டில் அளக்க வேண்டும். ஃப்ரெட்டின் உச்சியிலிருந்து ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கம் வரை 1.6 மிமீ என்பது ஃபெண்டரே சொல்லும் அளவு. ரொம்ப அழுத்தி வாசிப்பவர்கள் கொஞ்சம் கூட வைத்துக்கொள்ளலாம். பிரிட்ஜில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் உட்காரும் துண்டுக்குச் சாடில் என்று பெயர், ஒவ்வொரு சாடிலிலும் இரண்டு சின்ன ஆலன் ஸ்க்ரூ இருக்கும், இரண்டையும் சமமாகத் திருப்புங்கள்.

இன்டொனேஷனுக்கு, சுருதி காட்டும் ட்யூனர் கருவியை ஆன் செய்து, 12-ஆவது ஃப்ரெட்டின் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் சுரம்) அதே இடத்தில் அழுத்தி வாசிக்கும் சுரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்தி வாசிப்பது ஏறி நின்றால் சாடிலைப் பின்னால் இழுக்க வேண்டும், இறங்கி நின்றால் முன்னால் தள்ள வேண்டும். பழைய ஸ்ட்ரிங்கை வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள், ஒருநாளும் சரியாக வராது.

சுருதி நிற்கவே மாட்டேன் என்கிறது. லாக்கிங் டியூனர் (ஸ்ட்ரிங்கைக் கவ்விப் பிடிக்கும் முறுக்காணி) வாங்கினால் சரியாகிவிடுமா?

பெரும்பாலும் ஆகாது. இந்தக் கேள்வியில்தான் நிறைய பேருடைய பணம் வீணாகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சுருதி விலகுவதற்குக் காரணம் நட், பிரிட்ஜ், ஸ்ட்ரிங் சுற்றிய விதம் இவற்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும், டியூனர் அதற்கெல்லாம் அப்புறம். கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. ஜி ஸ்ட்ரிங்கை மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள். சுருதி ஒரே சீராக ஏறாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்று, நட் பக்கம் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டு, சடாரென்று மேலே தாவினால் ஸ்ட்ரிங் நட்டின் பள்ளத்தில் சிக்குகிறது என்று அர்த்தம். இன்னொரு அடையாளம்: ஸ்ட்ரிங்கைப் பக்கவாட்டில் தள்ளிப் பெரிதாக ஒரு பெண்ட் செய்தபின் அதே ஸ்ட்ரிங் இறங்கி நிற்கும், வாம்மி பாரைக் கீழே அழுத்திவிட்டால் ஏறி நிற்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், நட்டைத் தாண்டி நகர்ந்த ஸ்ட்ரிங் பழைய இடத்துக்குத் திரும்பி வருவதில்லை.

இதற்கு முதல் வைத்தியம் பென்சில்தான். பள்ளத்தில் பென்சில் கிராஃபைட்டைத் தேய்த்துவிடுங்கள். போதவில்லை என்றால், அந்தப் பள்ளத்துக்கான ஸ்ட்ரிங்கின் பழைய துண்டு ஒன்றில் மிக நைசான உப்புத்தாளைச் சுற்றி, ஹெட்ஸ்டாக் (கழுத்தின் தலைப்பகுதி) பக்கம் சற்றே சரிவாக இரண்டு மூன்று முறை இழுங்கள். பக்கவாட்டில்தான் தேய வேண்டும், அடியில் அல்ல. ஆழமாகிவிட்டால் திறந்த ஸ்ட்ரிங் முதல் ஃப்ரெட்டில் இடித்துக் கரகரக்கும்.

ஸ்ட்ரிங்கை டியூனரில் இரண்டு மூன்று சுற்று, ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்கும்படி சுற்றுங்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. புது ஸ்ட்ரிங்கைக் கையால் மெதுவாகத் தூக்கி இழுத்துவிட்டு, திரும்பச் சுருதி சேர்த்து, இறங்குவது நிற்கும் வரை அதையே செய்யுங்கள்.

அப்போ நட்டை எலும்பு நட்டாக மாற்றலாமா?

மலிவு கிட்டாரில் நான் மனதார சிபாரிசு செய்யும் முதல் பாகம் இதுதான். கூடவே வரும் பிளாஸ்டிக் நட் சில நேரம் உள்ளே கூடாக இருக்கும், பள்ளங்களும் உயரமாகவே விடப்பட்டிருக்கும். இதற்கும் ஒரு சோதனை: இரண்டாவது ஃப்ரெட்டுக்கும் மூன்றாவது ஃப்ரெட்டுக்கும் நடுவே ஸ்ட்ரிங்கை அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே பாருங்கள். ஒரு மெல்லிய கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் போதும். அதைவிட நிறைய இடைவெளி இருந்தால், எஃப் கார்டு பிடிக்க விரல் வலிப்பதற்கும் முதல் இரண்டு ஃப்ரெட்டில் சுருதி ஏறிக் கேட்பதற்கும் அதுதான் காரணம். புதிதாகக் கற்பவர்கள் தங்கள் விரலுக்குப் பலம் இல்லை என்று நினைத்து விட்டுவிடுவதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படும். விரல் நன்றாகத்தான் இருக்கும், நட்தான் உயரம்.

எலும்பு நன்றாக இருக்கும். கிராஃப் டெக் கம்பெனியின் டஸ்க் என்ற செயற்கைப் பொருளும் நன்றாக இருக்கும், அதில் பள்ளம் ஏற்கெனவே வெட்டியே வரும். வாங்கும்முன் அகலம் (இந்த வகையில் பெரும்பாலும் 42 மிமீ), தடிமன், அடிப்பக்கம் தட்டையா வளைவா என்ற மூன்றையும் பார்த்துவிடுங்கள். பள்ளம் வெட்டாத எலும்புத் துண்டு என்றால் அந்த வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள், அதற்கென்று தனி அரங்கள் வேண்டும், ஒரு வேலைக்காக அவற்றை வாங்குவது கட்டுப்படியாகாது.

டியூனரை எப்போதுதான் மாற்றுவது?

குமிழைத் திருப்பும்போது முதலில் கொஞ்சம் வெறுமனே சுற்றி அப்புறம்தான் பிடிக்கிறது, அல்லது தண்டு ஆடுகிறது என்றால் மாற்றுங்கள். லாக்கிங் டியூனரின் உண்மையான லாபம், ஸ்ட்ரிங் மாற்றுவது சீக்கிரம் முடியும், சுற்றே தேவைப்படாது. ஹெட்ஸ்டாக் ஓட்டையை அளந்துவிட்டு வாங்குங்கள்: இக்கால டியூனர்களுக்கு 10 மிமீ, பழைய பாணி டியூனர்களுக்கு 9-க்கும் குறைவு. பின்பக்க ஸ்க்ரூவின் இடமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழைய ஸ்க்ரூ ஓட்டையில் பல்குத்தும் குச்சியும் ஃபெவிகாலும் வைத்து அடைத்துவிட்டுப் புது ஓட்டை போடலாம்.

பிரிட்ஜ்?

அளக்காமல் வாங்கவே வாங்காதீர்கள். முன்பக்கம் ஆறு ஸ்க்ரூ இருக்கிறதல்லவா, முதல் ஸ்க்ரூவின் நடுவிலிருந்து ஆறாவதின் நடு வரை அளந்தால் 56 மிமீ வரலாம், 54 வரலாம், 52.5 வரலாம். ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் உட்காராது. இரண்டாவது சிக்கல் உடலின் தடிமன். ஸ்குவயரின் அஃபினிட்டி, புல்லட் போன்ற மாடல்களின் உடல், ஃபெண்டரின் ஸ்ட்ராட்டைவிட மெலிது. முழு அளவு பிளாக் (பிரிட்ஜுக்கு அடியில் உடலுக்குள் இறங்கும் உலோகக் கட்டை) உள்ள பிரிட்ஜைப் போட்டால் பின்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், பின் மூடியைப் போட முடியாது.

மலிவு பிரிட்ஜில் பிளாக் மெலிதான துத்தநாகக் கலவையில் இருக்கும். ஸ்டீல் பிளாக் போட்டால் சத்தம் நீண்டு நிற்கும் என்பார்கள். வித்தியாசம் உண்டு, ஆனால் அதற்காக மட்டும் மாற்றுவேனா என்றால் மாட்டேன். வாம்மி பார் பயன்படுத்தாதவர்கள் பின்னால் ஸ்ப்ரிங்குகளைப் பிடித்திருக்கும் க்ளாவின் ஸ்க்ரூவை இறுக்கி, மூன்று ஸ்ப்ரிங் இருந்தால் ஐந்தாக்கி, பிரிட்ஜ் உடலோடு ஒட்டிப் படியும்படி செய்துவிடுங்கள். சுருதி நிற்பதில் பெரிய மாற்றம் தெரியும், செலவு இரண்டு ஸ்ப்ரிங்தான். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் சாடிலின் சின்ன ஸ்க்ரூக்கள் துருப்பிடித்து இறுகிவிடும், ஸ்ட்ரிங் மாற்றும்போதெல்லாம் ஒரு சொட்டு மெஷின் ஆயில் விடுங்கள்.

சரி, இப்போதாவது பிக்கப்புக்கு வரலாமா?

வரலாம். முதலில் ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு, பிக்கப்பின் காந்த முனைக்கும் ஸ்ட்ரிங்குக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் தடித்த ஸ்ட்ரிங் பக்கம் 2 மிமீ, மெல்லிய பக்கம் 1.6 மிமீ இருக்க வேண்டும். அங்கிருந்து தொடங்கி, காதால் கேட்டு ஏற்றி இறக்குங்கள். பிரிட்ஜ் பிக்கப் ஒல்லியாகவும் நெக் பிக்கப் குழம்பியும் கேட்பதில் பாதி இதிலேயே சரியாகும்.

மலிவு கிட்டாரில் பெரும்பாலும் செராமிக் பிக்கப் இருக்கும். திருப்பிப் பார்த்தால் அடியில் பட்டையான காந்தம் ஒட்டியிருக்கும், மேலே தெரியும் ஆறு முனைகளும் வெறும் இரும்பு. ஆல்னிகோ பிக்கப்பில் அந்த ஆறு முனைகளே காந்தம்: அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம். செராமிக்கின் ஒலி கொஞ்சம் கூர்மையாக, சமதளமாக இருக்கும். ஆல்னிகோவில் அழுத்தி வாசிப்பதற்கும் மென்மையாக வாசிப்பதற்கும் வித்தியாசம் நன்றாகத் தெரியும், கிளீன் டோனில் மணி போல ஒலிக்கும். நிறைய டிஸ்டார்ஷன் போட்டு வாசிப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, செராமிக்கே போதும்.

செய்மோர் டங்கன், டிமார்ஸியோ போன்றவற்றின் மூன்று பிக்கப் செட் விலை, உங்கள் கிட்டாரின் விலையையே எட்டிவிடும். டோன்ரைடர், வில்கின்சன் ஆல்னிகோ செட்டுகள் அதைவிடக் குறைவு, இந்த வகைக் கிட்டாருக்கு அவையே பொருத்தம் என்பேன். ஆனால் சின்ன பிராக்டிஸ் ஆம்ப் வைத்திருந்தால் அந்தப் பணத்தில் முதலில் ஆம்பை மாற்றுங்கள். ஒலியைத் தீர்மானிப்பதில் பாதிக்கு மேல் ஆம்பும் ஸ்பீக்கரும்தான்.

ஒரு எச்சரிக்கை: நடு பிக்கப்பை மட்டும் வேறு கம்பெனியில் வாங்கினால், ஸ்விட்சின் 2, 4 நிலைகளில் சத்தம் பாதியாக மெலிந்து மூக்கால் பாடுவது போலக் கேட்கலாம். ஃபேஸ் (ஒலி அலையின் திசை) எதிர்மாறாக இருக்கிறது என்று பொருள். அந்த பிக்கப்பின் இரண்டு வயரையும் இடம் மாற்றிச் சால்டர் செய்தால் சரியாகிவிடும்.

பாட், ஸ்விட்ச், ஜாக் எல்லாம் எலெக்ட்ரானிக் கடையில் வாங்கலாமா?

சிலது வாங்கலாம். சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம் பாட், இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கருக்கு 500. ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் 220-உம் 470-உம் சுலபமாகக் கிடைக்கும், அதைப் போட்டாலும் தவறில்லை, ஏனென்றால் 250 என்று எழுதிய பாட்டே 20 சதவீதம் முன்பின்தான் இருக்கும். வால்யூமுக்கு ஆடியோ டேப்பர் என்று கேட்டு வாங்குங்கள், லீனியர் வாங்கினால் குமிழின் ஒரு மூலையிலேயே சத்தம் எல்லாம் அடங்கிவிடுவது போல இருக்கும்.

அளவு முக்கியம். மலிவு கிட்டாரில் 16 மிமீ குட்டிப் பாட் இருக்கும். சிடிஎஸ் போன்ற 24 மிமீ பெரிய பாட் வாங்கினால் பிக்கார்டில் ஓட்டையை 9.5 மிமீ-க்குப் பெரிதாக்க வேண்டும், தண்டின் பல் எண்ணிக்கை வேறு என்பதால் பழைய குமிழும் உட்காராது. கரகரப்புக்காக மட்டும் பாட்டை மாற்ற நினைத்தால் முதலில் காண்டாக்ட் கிளீனர் அடித்து, பத்திருபது தடவை திருப்பிப் பாருங்கள்.

ஜாக் மட்டும் தயங்காமல் மாற்றலாம். மேடையில் பாதிப் பாட்டில் சத்தம் நின்றுபோனால் பெரும்பாலும் காரணம் அதுதான். ஸ்விட்ச்கிராஃப்ட் ஜாக் ஒன்று போட்டால் பல வருஷம் உழைக்கும்.

விலை உயர்ந்த டோன் கெப்பாசிட்டர் போட்டால் ஒலி மாறுமா?

மதிப்பு மாறினால் மாறும், பிராண்ட் மாறினால் மாறாது. 0.022 மைக்ரோ ஃபாரட், எந்தக் கடையிலும் சில ரூபாய்க்கு.

சால்டரிங் தெரியாது. முயற்சி செய்யலாமா?

செய்யலாம். ஆம்பில் செருகாத கிட்டாருக்குள் ஷாக் அடிக்க எதுவும் இல்லை. 60/40 ஈயம், உள்ளே ஃப்ளக்ஸ் உள்ளது, வாங்குங்கள். 25 வாட் சால்டரிங் அயர்ன், பாட்டின் முதுகில் வைத்தால் திணறும், அந்த உலோகம் சூட்டை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும், நீங்கள் அப்படியே பிடித்துக்கொண்டிருக்க உள்ளே கார்பன் தடம் கெட்டுவிடும். 50, 60 வாட் எடுத்து, பாட்டின் முதுகை உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, இரண்டு மூன்று விநாடியில் முடித்துவிடுங்கள். ஈயம் பரவிப் பளபளவென்று படிய வேண்டும், உருண்டையாகத் திரண்டு நின்றால் ஒட்டவில்லை என்று அர்த்தம். எதையும் கழற்றும்முன் நாலு கோணத்தில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, முடிந்ததும் கை கழுவுங்கள்.

எப்போதும் ஒரு 'உம்ம்ம்' சத்தம் வருகிறதே?

சிங்கிள் காயில் என்றால் ஓரளவு வரத்தான் செய்யும். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை அது பிடித்துக்கொள்கிறது. 2, 4 நிலைகளில் குறைந்தால் நடு பிக்கப் எதிர்ச்சுற்றில் சுற்றியது, நல்லதுதான். ஸ்ட்ரிங்கைத் தொட்டால் குறைகிறது என்றால் கிட்டாருக்குள் கிரவுண்ட் ஒழுங்காக இருக்கிறது. உள்குழிக்கும் பிக்கார்டின் பின்பக்கத்துக்கும் காப்பர் டேப் ஒட்டினால் இன்னும் அடங்கும், ஒரு துண்டின்மேல் இன்னொன்று ஏற வேண்டும், மல்டிமீட்டர் வைத்து எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருக்கிறதா என்று பார்த்து, கடைசியில் கிரவுண்டோடு சேருங்கள்.

ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் சத்தம் கூடினாலோ, விரலில் சுருக்கென்று உணர்ந்தாலோ உடனே நிறுத்துங்கள். அது பாகம் மாற்றும் விஷயமே இல்லை. வீட்டு பிளக்கில் எர்த் இல்லை, அல்லது மூன்று பின் ஆம்பை இரண்டு பின் அடாப்டரில் செருகியிருக்கிறீர்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி செய்தபின்தான் திரும்ப வாசிக்க வேண்டும்.

ஃப்ரெட் ஓரம் கையைக் கீறுகிறது, ஃபிங்கர்போர்டும் வெளுத்துத் தெரிகிறது.

வெயிலிலும் ஏசியிலும் மரம் காய்ந்து சுருங்கியிருக்கும், ஃப்ரெட் சுருங்காது, அதனால் ஓரம் நீட்டுகிறது. நைசான அரத்தால் மெதுவாகத் தேய்த்துச் சரி செய்யலாம். பல ஃப்ரெட்டுகள் உயரம் மாறி இருந்தால் லெவலிங் வேலை, அதைக் கைதேர்ந்தவரிடம் கொடுங்கள். அந்தக் காசு வீண்போகாது, எந்தப் பிக்கப்பையும்விட வாசிப்பில் அதிகம் தெரியும்.

ஃபிங்கர்போர்டுக்குப் பயன்பட்ட ஈட்டி (ரோஸ்வுட்) மரங்களின் சர்வதேச வியாபாரத்துக்கு 2017-இல் கட்டுப்பாடு வந்தபின், இந்த விலைக் கிட்டார்கள் பலவற்றில் இந்தியன் லாரல் வந்துவிட்டது. அது வேறொன்றுமில்லை, நம் ஊர்க் கருமருதுதான். நல்ல உறுதியான மரம், ஆனால் பூச்சில்லாமல் வருவதால் காய்ந்து வெளுக்கும். வருஷத்துக்கு இரண்டு தடவை ஃபிங்கர்போர்ட் எண்ணெய் துளி துளியாகத் தடவித் துடைத்தால் போதும். வார்னிஷ் அடித்த மேப்பிளுக்கு எண்ணெய் வேண்டாம். சமையல் எண்ணெய் எதற்குமே வேண்டாம், சிக்கு வாடை அடிக்கும்.

மொத்தம் எவ்வளவு செலவு செய்யலாம்?

கிட்டார் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நிறுத்தி யோசியுங்கள், அந்தப் பணத்தையும் சேர்த்துப் பழைய கிட்டார் சந்தையில் ஒரு படி மேலே வாங்க முடியும். ஆனால் கழுத்து உங்கள் கைக்குப் பிடித்திருந்தால் அந்தக் கணக்கை நான் பார்க்க மாட்டேன். கையில் பதிந்துபோன கழுத்து எளிதில் திரும்பக் கிடைக்காது. அதேபோல் கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தால், அதாவது பிரிட்ஜ் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும்போது நட்டும் கடைசி ஃப்ரெட்டும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால், அந்தக் கிட்டாருக்கு ஒரு ரூபாய் செலவழிப்பதும் வீண்.

விற்கும்போது போட்ட பணம் திரும்ப வருமா?

வராது. வாங்குபவர் ஹெட்ஸ்டாக்கில் உள்ள பெயருக்குத்தான் விலை சொல்வார். அதனால் கழற்றிய பாகம் எதையும் தூக்கிப் போடாதீர்கள், ஸ்க்ரூ, ஸ்ப்ரிங் உட்பட ஒவ்வொன்றையும் தனித்தனிக் கவரில் போட்டு, எதன் பாகம் என்று எழுதி வையுங்கள். விற்கும் நாளில் பழையதை மாட்டிக் கொடுத்துவிட்டு, புதியதைத் தனியாக விற்கலாம், அல்லது அளவு ஒத்துவந்தால் அடுத்த கிட்டாருக்கே போட்டுக்கொள்ளலாம்.